படிக்காமலே தடை கேட்டவன்



சென்ற ஆண்டு இறுதி விடுமுறையில் நம் இளைஞர் முகாமில் ஒரு சொற்போர் நடந்தது. 'ஓர் இனத்தைப் புண்படுத்தும் நூலைத் தடை செய்வதே நியாயம்' என்பது தலைப்பு. நான் ஆதரவு அணியில் மூன்றாவது பேச்சாளர். 'இண்டர்லோக்' நாவலைத்தான் என் முக்கியச் சான்றாக எடுத்துக்கொண்டேன். "பேச்சுக்கும் எல்லை உண்டு! எழுத்துக்கும் வேலி உண்டு!" என்று குரலை உயர்த்தினேன். மண்டபமே கைதட்டியது. எங்கள் அணிக்கு வெற்றி. சிறந்த பேச்சாளர் கோப்பையும் எனக்குத்தான்.

அன்றிரவு சாப்பாட்டு வரிசையில் எனக்குப் பின்னால் நான்காம் படிவம் படிக்கும் ஒரு தம்பி நின்றான். ரொம்ப ஆர்வமாகக் கேட்டான்.

"அண்ணா, அந்த இண்டர்லோக் புக்ல கத என்னாண்ணா?"

தட்டைப் பிடித்தபடி நின்றேன். அந்த நாவலைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு சொல். அதில் 'பறையா' என்ற சொல் இருக்கிறது என்பது மட்டுமே. யார் கதை, எங்கே நடக்கிறது, எப்படி முடிகிறது, ஒன்றும் தெரியாது. "பெரிய கத தம்பி, அப்புறமா சொல்றேன்" என்று நழுவிவிட்டேன். அந்தப் பையன் என்னை நம்பினான். அதுதான் எனக்கு உறுத்தியது. ஒரு மண்டபம் முழுக்க இருந்த இளையவர்களுக்கு, நான் புரட்டிக்கூடப் பார்க்காத ஒரு புத்தகத்தைப் பற்றித் தீர்ப்பு சொல்லியிருக்கிறேன்.

இந்தக் கட்டுரை அந்தத் தம்பிக்கு நான் பாக்கி வைத்த பதில்.

என்ன நடந்தது?

நம்மில் பலர் அப்போது சின்னப் பிள்ளைகள். அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'இண்டர்லோக்' ஒரு மலாய் நாவல். எழுதியவர் அப்துல்லா உசேன், சாஸ்திரவான் நெகாரா விருது பெற்றவர். நூலாக வந்தது 1971இல். ஒரு மலாய்க் குடும்பம், ஒரு சீனக் குடும்பம், ஓர் இந்தியக் குடும்பம். இந்த மூன்றும் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து மெர்டேக்கா வரை எப்படி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன என்பதே கதை. இந்தியக் குடும்பத்துக்காரர் பெயர் மணியம்.

ஏறக்குறைய 40 ஆண்டுகள் அந்த நூல் சத்தமில்லாமல் நூலகங்களில் இருந்தது. 2011இல் அதன் மாணவர் பதிப்பு சில மாநிலங்களில் ஐந்தாம் படிவ மலாய் இலக்கியப் பாடநூலாக வந்தபோதுதான் நெருப்பு பற்றியது. கப்பலேறி வந்த இந்தியர்கள் எல்லாரும் ஒரே சாதி என்பதுபோலவும் அந்தச் சாதி 'பறையா' என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. இந்திய அமைப்புகள் கொதித்தன. அந்த ஜனவரியில் நூலின் பிரதிகளை எரித்தார்கள். பிப்ரவரி 27ஆம் தேதி ஹிண்ட்ராஃப் ஏற்பாடு செய்த எதிர்ப்புப் பேரணியில் பலர் கைதானார்கள். சீனர்களைப் பேராசைக்காரர்களாகக் காட்டுகிறது என்று சில சீன அமைப்புகளும் குறை சொன்னன. ஒரு குழு அமைத்து, எதையெல்லாம் திருத்தலாம் என்று மாதக்கணக்கில் பேசினார்கள். கடைசியில் அந்த ஆண்டு முடிவதற்குள் நூல் பாடத்திட்டத்திலிருந்தே மீட்டுக்கொள்ளப்பட்டது.

அப்போது எனக்கு 9 வயது. அப்பா நாளிதழைச் சுருட்டி மேசையில் அடித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. "நம்மள என்னா நெனச்சிக்கிட்டானுங்க!" என்றார். அந்தக் கோபம்தான் எனக்குச் சொத்தாக வந்தது. அதை வைத்துத்தான் கோப்பை வாங்கினேன்.

படித்தேன்

முகாம் முடிந்து பல்கலைக்கழகம் திரும்பியதும் நூலகத்தில் தேடினேன். மலாய் இலக்கியப் பகுதியில், அடியிலிருந்து இரண்டாவது தட்டில், பழைய முழுப் பதிப்பு ஒன்று இருந்தது. பொறியியல் மாணவனான எனக்கு நாவல் படித்துப் பழக்கமில்லை. மூன்று வாரம் ஆனது.

உண்மையைச் சொல்கிறேன். அந்தப் பகுதி வந்தபோது முகம் சூடாகிவிட்டது. ஒரு கப்பல் நிறைய மனிதர்களை ஒரே சொல்லால் மூடிவிட்ட மாதிரி இருந்தது. அது தவறான தகவலும்கூட. மலாயாவுக்கு வந்த தமிழர்கள் பல சாதிகளிலிருந்து, பல ஊர்களிலிருந்து வந்தவர்கள். தெலுங்கர்களும் மலையாளிகளும் உண்டு. கங்காணி முறையில் ஊர் ஊராகத் திரட்டிக்கொண்டு வரப்பட்டவர்கள். இதையெல்லாம் ஆசிரியர் விசாரித்து எழுதியிருக்கலாம்.

ஆனால் நான் எதிர்பார்த்து உட்கார்ந்த வெறுப்பு அந்தப் பக்கங்களில் இல்லை. நம்மைத் தூரத்திலிருந்து பார்த்த ஒருவருடைய எழுத்து அது. பாதி தெரியும், பாதி தெரியாது. மலாய்க் குடும்பத்தின் வறுமையையும் எழுத்தறிவின்மையையும் அவர் மறைக்கவில்லை. மூன்று குடும்பமும் சேர்ந்து ஒரு நாடாகிறது என்று சொல்ல வந்தவர், நம் பக்கத்தைப் பிழையாகச் சொல்லிவிட்டார். பிழை பிழைதான். ஆனால் பிழையும் பகையும் ஒன்றல்ல. முகாம் மேடையில் இரண்டையும் ஒன்றாக்கித்தான் நான் பேசினேன். படித்திருந்தால் அப்படிப் பேசியிருக்க முடியாது.

அக்கா சொன்னது

உடனே "சரி, அப்படியென்றால் அந்த எதிர்ப்பே தப்பு" என்று முடிவு கட்டியிருப்பேன். என் பெரியம்மா மகள் காப்பாரில் இருக்கிறார். 2011இல் அவர் ஐந்தாம் படிவம். அவரிடம் பேசிய பிறகு அது அவ்வளவு சுலபமில்லை என்று புரிந்தது.

"பாடநூல் குடுத்த அன்னைக்கே ஒருத்தன் அந்தப் பக்கத்தப் பிரிச்சி என் மேசையில வச்சிட்டான் தம்பி. பாடம்கூட தொடங்கல. 'இது நீதானே'ன்னான். வகுப்புல நாங்க மூணு பேர்தான் இந்தியர்கள். டீச்சர் காதுல விழுந்திச்சி. ஒன்னும் சொல்லல. அந்த வருசம் முழுக்க அதான் எம்பேரு."

"அப்போ எரிச்சது சரிதானாக்கா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "எரிச்சது எனக்குப் பிடிக்கல. டிவியில அதப் பார்த்துட்டு மறுநாள் வகுப்புல இன்னும் அதிகமாப் பேசுனாங்க. ஆனா, எரிக்கக் கூடாதுன்னு கருத்துச் சுதந்திரம் பேசுறவங்க யாரும் அந்த நாற்காலியில உக்காரல. நான்தான் உக்காந்தேன்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அவர் சொன்னதைத் திரும்பத் திரும்ப யோசித்தபோது ஒன்று தெளிவானது. அக்காவைக் காயப்படுத்தியது நூலகத் தட்டில் இருந்த நாவல் அல்ல. அது 40 ஆண்டு அங்கேதான் இருந்தது. தேர்வில் மதிப்பெண் வாங்க வேண்டுமென்றால் படித்தே ஆக வேண்டும் என்று 17 வயதுப் பிள்ளையின் மேசைக்கு அதை அனுப்பிய முடிவுதான் காயப்படுத்தியது. சரியான விளக்கமில்லாமல், ஆசிரியருக்குப் பயிற்சியில்லாமல், அரசாங்க முத்திரையோடு அனுப்பியது.

எழுத்தாளர் எழுதுவது அவருடைய சுதந்திரம். அதைப் பாடநூலாக்குவது சுதந்திரம் அல்ல, அதிகாரம். கடையில் இருக்கும் புத்தகத்தை எனக்குப் பிடிக்கவில்லையென்றால் மூடி வைத்துவிடலாம். பாடநூலை மூட முடியாது. அதனால் 'எழுதாதே', 'விற்காதே', 'கட்டாயப் பாடமாக வைக்காதே', 'வைத்தால் விளக்கத்தோடு வை' ஆகிய நான்கும் வெவ்வேறு கோரிக்கைகள். பின்னால் உள்ள இரண்டையும் கேட்க நமக்கு முழு உரிமை இருந்தது. முன்னால் உள்ள இரண்டையும் சேர்த்துக் கத்தியபோதுதான் தடம் மாறினோம் என்று நினைக்கிறேன்.

பேரணிக்கு வந்தவர்களைக் கைது செய்ததையும் இங்கே மறக்கக் கூடாது. நூலை எழுதும் உரிமை எவ்வளவு பெரியதோ, 'இந்த நூல் எங்களைப் பிழையாகச் சொல்கிறது' என்று வீதியில் நின்று சொல்லும் உரிமையும் அவ்வளவு பெரியது. முதலாவதைக் காத்துவிட்டு இரண்டாவதைப் பூட்டினால் அதற்குப் பேர் கருத்துச் சுதந்திரம் கிடையாது.

அதே தராசு, வேறு புத்தகம்

இப்போது இன்னொரு புத்தகத்துக்கு வருகிறேன். அதன் பெயர் 'மார்ச் 8'. கா. ஆறுமுகம் தமிழில் எழுதியது. 2001 மார்ச் மாதம் கம்போங் மேடானில் நடந்த மோதலைப் பற்றியது. அந்தச் சம்பவத்தில் 6 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் இந்தியர்கள். என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று நம் தரப்பிலிருந்து கேட்ட நூல் அது. அரசாங்கம் அதைத் தடை செய்தது. ஆறுமுகம் நீதிமன்றம் போனார். மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போயும் தடை நீங்கவில்லை.

இதைப் பற்றித் தெரிந்ததும் என் முகாம் உரையை எடுத்து மறுபடியும் வாசித்தேன். தாளில் 'இண்டர்லோக்' என்று இருந்த இடத்தில் எல்லாம் 'மார்ச் 8' என்று மாற்றிப் பார்த்தேன். ஒரு வரிகூட இடிக்கவில்லை. 'இன ஒற்றுமை கெடும்.' 'மனம் புண்படும்.' 'பழைய காயத்தைக் கிளறக் கூடாது.' 'நாட்டின் அமைதியே முக்கியம்.' அந்தத் தடைக்கு ஆதரவாக யாராவது பேச வேண்டியிருந்தால் என் உரையையே கொடுத்திருக்கலாம். எனக்குக் கோப்பை கொடுத்த அதே வாதம் நம் வாயையும் அடைக்கும்.

கூட்டரசு அரசியலமைப்பின் 10ஆவது விதி குடிமக்களுக்குப் பேச்சுரிமை தருகிறது. அதே விதி, அந்த உரிமைக்குக் கட்டுப்பாடு போட நாடாளுமன்றத்துக்கும் அதிகாரம் தருகிறது. 1969 மே 13க்குப் பிறகு, 1971இல், குடியுரிமை, தேசிய மொழி, 153ஆவது விதி போன்ற சில விஷயங்களைக் கேள்வி கேட்பதையே தடுக்கலாம் என்று சேர்த்தார்கள். 1948ஆம் ஆண்டின் தேச நிந்தனைச் சட்டம் இருக்கிறது. அச்சகங்களையும் வெளியீடுகளையும் கட்டுப்படுத்தும் 1984ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 'மார்ச் 8' போன்ற நூல்களைத் தடை செய்ய அமைச்சருக்கு அதிகாரம் தருவது இந்தக் கடைசிச் சட்டம்தான். ஆக, வேலிகளுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. வேலி போடுகிறவர் எப்போதும் நாமாக இருக்க மாட்டோம் என்பதுதான் நாம் யோசிக்க வேண்டியது. மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத நமக்குக் கூட்டம் கிடையாது, பெரிய பணம் கிடையாது. இருப்பது பேச்சு ஒன்றுதான். அதை வெட்டும் கத்தியை நாமே தீட்டிக் கொடுக்கலாமா?

'அடி', 'விரட்டு' என்று தூண்டிவிடும் பேச்சை நான் இதில் சேர்க்கவில்லை. ஆளைக் கொல்லச் சொல்வது கருத்து ஆகாது. நான் பேசுவது வரலாற்றைப் பற்றிய கருத்து வேறுபாடு. இந்த நாட்டைக் கட்டியது யார், முதலில் வந்தது யார், யார் பங்கு எவ்வளவு என்பதைப் பற்றியது.

நம் கதையும் சோதனைக்கு உரியதே

நம் முகாம் டீ-சட்டையின் முதுகில் 'கடாரம் கொண்டான்' என்று அச்சடித்திருந்தோம், ஞாபகம் இருக்கிறதா? அதைப் போட்டுக்கொண்டு ஒருநாள் வகுப்புக்குப் போனேன். என் மலாய் நண்பன் அர்த்தம் கேட்டான். ராஜேந்திர சோழன், 1025, கடற்படை, கெடா என்று பெருமையாக விளக்கினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "நான் கெடாக்காரன்டா. அப்போ உங்க ராஜா எங்க ஊர அடிக்க வந்தாரு. அதயா சட்டையில போட்டிருக்க?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. யோசித்தால் அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ராஜேந்திரன் படையெடுத்தது உண்மை. ஆனால் படையெடுத்து வென்றதும், உட்கார்ந்து ஆண்டதும் வேறு வேறு. 'கடாரத்தை ஆண்ட இனம்' என்று நாம் மேடையில் சொல்வது சரித்திரத்தைவிட ஒரு படி அதிகம். பூஜாங் பள்ளத்தாக்கில் கிடைத்த சண்டிகளில் இந்து சமயத்தவையும் உண்டு, பௌத்தத்தவையும் உண்டு. அந்த ஊர்க்காரர்களும் வணிகர்களும் சேர்ந்து வாழ்ந்த இடம் அது. சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளே கிடைத்திருக்கின்றன.

2013இல் அதே பள்ளத்தாக்கில் 11ஆம் எண் சண்டியை ஒரு வீடமைப்பு நிறுவனம் நிலத்தோடு இடித்துத் தள்ளியது தெரியவந்தபோது நாமெல்லாம் துடித்தோம். பாரம்பரியச் சின்னமாகப் பதிவு செய்யப்படாத இடம் அது. 'எங்கள் சரித்திரத்தை மறைக்காதே' என்று கேட்டோம். கேட்டது சரி. ஆனால் சரித்திரத்தை மறைக்காதே என்று கேட்கிறவன், தன் சரித்திரத்தைப் பற்றிக் கெடாக்காரன் கேட்கும் கேள்வியையும் உட்கார்ந்து கேட்கத்தான் வேண்டும்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் காங்கிரீட் கட்டிகளை 7ஆம் நாளும் 28ஆம் நாளும் இயந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்ப்போம். எந்த எடையில் உடைகிறது என்று குறித்துக்கொள்வோம். எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் உடைந்த கட்டியின் எண்ணையும் பதிவேட்டில் எழுதியே ஆக வேண்டும். பிடிக்காத எண்ணை எழுதாமல் விட்டால் பதிவேடு அழகாக இருக்கும், கட்டடம்தான் நிற்காது. ஒரு நாட்டின் சரித்திரமும் இப்படித்தான் என்று நினைக்கிறேன். எல்லாரும் அழுத்திப் பார்த்த பிறகும் எது நிற்கிறதோ அதன்மேல்தான் வீடு கட்ட முடியும்.

இது நம் சமயத்துக்குப் புதிதும் அல்ல. அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டாகப் பிரித்தார். முதலில் பரபக்கம். மற்றச் சமயத்தார் கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, பிறகு மறுக்கிறார். கடவுளே இல்லை என்ற உலகாயதனுக்கும் அங்கே இடம் உண்டு. அதற்குப் பிறகுதான் சுபக்கம், நம் கொள்கை. எதிராளி சொல்வது என்னவென்று சொல்லத் தெரியாதவன் மறுக்கவும் தகுதியில்லாதவன் என்பது அந்த முறையிலேயே இருக்கிறது. சித்தியார் வகுப்புக்குப் போகிற நான், பரபக்கமே படிக்காமல் சொற்போரில் சுபக்கம் பேசியிருக்கிறேன்!

அப்பாவிடம் கேட்ட கேள்வி

கடைசியாக ஒன்று. எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்த பகுதி இது. எழுதாவிட்டால் இந்தக் கட்டுரையே பொய்யாகிவிடும்.

சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது அப்பாவிடம் கேட்டேன். "அப்பா, அன்னைக்கு உங்களுக்குக் கோவம் வந்தது அந்த வார்த்தைய வச்சி நம்மள அசிங்கப்படுத்துனதுக்கா? இல்ல, நாம அந்தச் சாதி இல்லன்னு சொல்றதுக்கா?"

அப்பா உடனே பதில் சொல்லவில்லை. தேநீரை ஆற்றிக்கொண்டே இருந்தார். பிறகு, தாம் வளர்ந்த தோட்டத்தைப் பற்றிச் சொன்னார். லயத்தின் கடைசி வீட்டில் ஒரு குடும்பம். சாவு வீட்டில் பறை அடிப்பவர்கள். கோயில் திருவிழாவில் எல்லாரும் உள்ளே பந்தியில் உட்காருவார்கள், அவர்களுக்கு மட்டும் வெளியே இலை. அந்த வீட்டுப் பையன் அப்பாவோடு ஒரே வகுப்பு. இரண்டு பேரும் ஒன்றாகத்தான் பந்து விளையாடுவார்களாம்.

"2011ல நம்ம தாமான்ல கண்டனக் கூட்டம் போட்டோம். அவனுக்கும் போன் பண்ணேன். வரல. 'நீங்க ஒரு நாளு கேட்டதுக்கே இப்படிக் கொதிக்கிறீங்க'ன்னான். அதோட வச்சிட்டான்."

அப்பா அதற்கு மேல் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

பறை ஒரு வாத்தியம். அதை அடித்தவர்களுக்கு அது பெயரானது. அந்தப் பெயரை வசையாக மாற்றியது மலாய் நாவலாசிரியர் இல்லை. அவருக்கு அது கைக்கு வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே நாம் அதை வசையாக்கிவிட்டோம். பிறகு ஆங்கிலேயர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள், உலகமெல்லாம் பரவியது, மலாய்க்கும் வந்து சேர்ந்தது. சுற்றிச் சுற்றி வந்து அக்காவின் மேசையில் விழுந்தபோதுதான் நமக்கு வலித்தது.

நம் கோயில் பிராகாரத்தில் 63 நாயன்மார்கள் வரிசையாக நிற்கிறார்கள். அதில் திருநாளைப்போவார் என்ற நந்தனாரும் ஒருவர். தீண்டத்தகாதவராக வைக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர். சிதம்பரத்துக்குள் காலடி வைக்க, தீயில் மூழ்கி எழ வேண்டியிருந்தவர். அவருக்கு நாம் மாலை போடுகிறோம், விழுந்து கும்பிடுகிறோம். அப்புறம் எப்படி அவர் பிறந்த குலத்தின் பெயர் நம்மீது பட்டால் அவமானம் என்று கொதிக்கிறோம்? "எங்களை எல்லாம் ஒரே சாதி என்று எழுதியது தப்பான தகவல்" என்று சொல்லலாம். "எந்த மனிதரையும் இழிவாகக் குறிக்க அந்தச் சொல்லைப் பயன்படுத்தாதே" என்று சொல்லலாம். "நாங்கள் அவர்கள் இல்லை" என்று சொன்னால், நாவலைவிடப் பெரிய குற்றத்தை நாமே செய்கிறோம்.

புத்தகத்தை எரித்தால் இந்தப் பேச்சும் சேர்ந்து எரிந்துவிடும். அந்த நாவல் எனக்குச் செய்த நன்மை, அப்பாவும் நானும் முதல் முறையாக இதைப் பேசியதுதான். ஆசிரியர் நினைத்துச் செய்த நன்மை அல்ல. ஆனாலும் நடந்தது.

இனி என்ன செய்யலாம்?

அடுத்த தடவை நம் சரித்திரத்தை யாராவது தப்பாக எழுதினால் மூன்று காரியம் செய்யலாம் என்று படுகிறது. முதலில் முழுதாகப் படிப்போம். யாரோ அனுப்பும் ஒரு பக்கப் படத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாமல் இருப்போம். இரண்டாவது, கட்டாயப்படுத்தும் கைக்கும் எழுதும் கைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்போம். பள்ளியில் ஒரு பிள்ளை தலைகுனிகிறது என்றால் அமைச்சின் கதவைத் தட்டுவோம், விடாமல் தட்டுவோம். எழுத்தாளரின் படத்தைக் கொளுத்துவதில் ஒரு பிள்ளைக்கும் பயனில்லை.

மூன்றாவதுதான் கஷ்டம். பதில் எழுத வேண்டும். நம்மிடம் பதில் இல்லாமல் இல்லை. சயாம் மரண இரயில் பாதையில் செத்த தோட்டத் தமிழர்களைப் பற்றி ஆர். சண்முகம் எழுதியிருக்கிறார், அ. ரெங்கசாமி எழுதியிருக்கிறார். ஆனால் இரண்டு பேரும் எழுதியது தமிழில். என் கெடா நண்பனுக்கு அது எட்டாது. கேள்வி மலாயில் வருகிறது, பதிலைத் தமிழில் எழுதி நமக்குள்ளேயே படித்துக்கொள்கிறோம். எஸ்பிஎம்மில் மலாய்மொழிக்கு 'ஏ' எடுத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! மணியத்தின் கதையை மணியத்தின் பேரன் மலாயில் எழுதினால் அதை எந்தக் குழுவும் திருத்த வேண்டியிருக்காது.

நான் எழுத்தாளன் இல்லை. ஆனால் என் தாத்தாவின் கதையை அப்பா சொல்லச் சொல்ல மலாயில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை 11 பக்கம். லயத்தின் கடைசி வீடும் அதில் வருகிறது. அந்தப் பக்கத்தை எழுதும்போது அப்பா, "அது வேணுமாடா?" என்றார். "வேணும்ப்பா" என்றேன். கொஞ்சம் கழித்து, "சரி, அவன் பேர மட்டும் மாத்திடு" என்றார். மாற்றிவிட்டேன்.

சாப்பாட்டு வரிசையில் நின்ற தம்பிக்கு: கதை மூன்று குடும்பங்களைப் பற்றியது. ஒன்று நம்முடையது. பாதி சரி, பாதி தப்பு. அடுத்த முகாமுக்கு நான் ஒரு பிரதி கொண்டு வருகிறேன். நீ முதலில் படி. சண்டை போடுவது என்றால் அதற்குப் பிறகு போடுவோம். இந்தத் தடவை நான் எந்த அணி என்று இப்போதே சொல்ல மாட்டேன்.